எங்கே சாப்பிடலாம்? – 14: ருசி தெரியாத சாட்சி

போன வாரம் விட்ட இடத்தை மறந்தவர்கள் பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

பெரிய தங்கும் விடுதி ஒன்றின் கூடத்தில், சுழல்கதவுக்குப் பக்கத்தில், மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறாள் நம் அக்கா. "எங்கே சாப்பிடலாம்?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு இடம் சொல்வதுதான் அவள் உத்தியோகம். விடுதியில் தங்க வந்த வெளியூர்க்காரர்கள் மட்டுமல்ல, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் உள்ளே வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். அவள் கைகாட்டிய கடை சோடை போகாது என்று ஊரில் ஒரு பேர்.

அந்தப் பேருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சங்கதி உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகிறபோது அவளுடைய ருசியையும் மணத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபி அவளுக்கு இப்போது சுடுதண்ணீர். மீன், ஈரப் பஞ்சு. கணவர் கப்பல் வேலையில் இருப்பவர், வருஷத்தில் பாதி கடலில். தனியாகச் சாப்பிடுகிறவள் தட்டை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? விஷயம் வெளியே வராமலே இருந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சின்னதாக உணவகம் நடத்துகிற அவள் தம்பிக்கு, தூரத்து ஊர்த் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனிலிருந்து தலைமைச் சமையல்காரராக வரச் சொல்லி அழைப்பு வந்ததோடு போன வாரம் நிறுத்தினேன். இன்று சாயங்காலத்துக்குள் அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்று விடிந்ததிலிருந்தே பனிமூட்டம். சுழல்கதவு ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஆளையும் கொஞ்சம் வெண்புகையையும் உள்ளே விட்டது. எதிர்ச்சாரிக் கட்டடங்களைக் காணோம். வண்டிகள் மறைந்துபோய், அவற்றின் விளக்குகள் மட்டும் சாலையில் மிதந்து போய்க்கொண்டிருந்தன. அக்காவுக்கு இந்த மாதிரி நாட்கள் பிடிக்கும். ஊருக்கே ஏதோ ஒரு புலன் குறைந்துவிட்ட மாதிரி இருக்கும். தனக்கு மட்டும்தான் என்ற ஏக்கம் கொஞ்ச நேரம் மறந்திருக்கும்.

முதலில் ஒரு தம்பதி வந்தார்கள். இருவருக்கும் நடுவே இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம், அவ்வளவு இடைவெளி.

"இங்க நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?" என்றார் கணவர்.

என்ன பிடிக்கும் என்று அக்கா ஒருநாளும் கேட்க மாட்டாள். அவள் கேள்விகளே வேறு.

"எவ்வளவு நேரம் இருக்கு உங்களுக்கு?"

"நிறைய இருக்கு."

"பேசணுமா, பேசாம இருக்கணுமா?"

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரைவிரிப்பைப் பார்த்தாள்.

"பேசணும்," என்றாள் தரைவிரிப்பிடம்.

"அப்ப ஆத்தங்கரைல படி இறங்கிப் போங்க. கடைசிக் கடை. மேஜை எல்லாம் ரொம்பச் சின்னது, முழங்கால் இடிக்கும். சூப் வர நேரமாகும். அவசரப்படுத்தாதீங்க."

சுழல்கதவின் ஒரே தடுப்புக்குள் இருவரும் நெருக்கியடித்துக்கொண்டு வெளியேறினார்கள். அக்காவுக்கு அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

ருசி போனவள் கடைக்கு எப்படிப் பரிந்துரை சொல்கிறாள் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அவள் உணவகங்களின் ஜன்னலுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பாள். உள்ளே மஞ்சள் வெளிச்சம். சத்தமில்லாமல் அசைகிற வாய்கள், கண்ணாடியில் படிந்த ஆவி. முதல் வாய் உள்ளே போனதும், பேசிக்கொண்டிருக்கிறவர்களின் பேச்சு நிற்க வேண்டும். ஒரு மூச்சு நேரம் போதும். நல்ல கைப்பக்குவம் என்றால் எப்பேர்ப்பட்ட வாயாடியும் அந்த ஒரு மூச்சுக்குத் தப்ப முடியாது. பேச்சு நிற்காத கடையின் பேரை அவள் சொல்வதே இல்லை.

இப்படித் தெருத் தெருவாக நின்று பார்க்கும்போது, தான் இந்த ஊரில் இல்லை, எங்கோ படுத்துக்கொண்டு இந்த ஊரைக் கனவு காண்கிறோம் என்று சில சமயம் அவளுக்குத் தோன்றும். அது பயமாகவும் இருக்கும், சுகமாகவும் இருக்கும். மறுநாள் யாராவது வந்து, "நீங்க சொன்ன கடை பிரமாதம்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கும்போது மட்டும் மனசு குறுகுறுக்கும்.

அவள் எட்டிக்கூடப் பார்க்காத ஜன்னல் ஒன்று உண்டு. தம்பியின் ஜன்னல்.

கடை திறந்த புதிதில் அங்கே அடிக்கடி சாப்பிட்டிருக்கிறாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவரையும் அங்கே அனுப்பியதில்லை. சொந்தக்காரன் கடைக்கு ஆள் அனுப்பினால் அப்புறம் என் வாயை யார் நம்புவார்கள் என்பது அவள் கட்சி. முதலில் தம்பி அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். மேஜைகள் காலியாக ஆக ஆக, அது உள்ளே முள்ளாக ஏறியது. காய்ச்சலுக்குப் பிறகு அவள் வருவதும் நின்றுபோகவே, அக்காவுக்கு என் சமையல் பிடிக்கவில்லை என்று அவன் முடிவே கட்டிவிட்டான்.

மணி பன்னிரண்டு இருக்கும். வரிசையில் இரண்டு பேருக்குப் பின்னால், பனியில் நனைந்த முடியோடு ஒருத்தி வந்து நின்றாள். சிட்டு. தம்பியின் மனைவி. வாய் ஓயாது என்பதால் குடும்பம் வைத்த பேர். தூக்கத்திலும் பேசுவாள் என்று தம்பி சத்தியம் செய்வான்.

முன்னால் இருந்தவர்கள் போனதும் மேஜைக்கு வந்தாள்.

"வணக்கம். நான் வெளியூர். இங்க எங்க சாப்பிடலாம்?"

"என்ன சிட்டு, விளையாட்டு?"

"சிட்டா? அது யாருங்க? பின்னால ஆள் நிக்கிறாங்க. உங்க கேள்வியக் கேளுங்க."

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் விளையாட்டு இல்லை.

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"சாயங்காலம் வரைக்கும். அதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் அந்தத் தொழிற்சாலைக்காரருக்குப் போன் பண்ணி, வர்றேன்னு சொல்லிடுவாராம்."

"பேசணுமா, பேசாம இருக்கணுமா?"

"நான் பேசிப் பேசி ஓஞ்சுட்டேன். இனிமே வேற ஒருத்தங்கதான் பேசணும்." அவள் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டாள். "அக்கா, அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'ஊருக்கே நாக்கு எங்க அக்காதான். அது வந்து சாப்பிட்டு நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் எங்கயும் போகல. நல்லால்லைன்னா இன்னிக்கே கடைய மூடறேன்.' வந்து சொல்லுங்கக்கா, நல்லாருக்குன்னு."

"சாப்பிட்டுச் சொல்லணுமா, சும்மா சொல்லணுமா?"

சிட்டு மேஜையில் இருந்த மணியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "வந்து சாப்பிடுங்க," என்றாள், கண்ணைப் பார்க்காமல்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னால் வரிசை நின்றது. மேலாளர் காதுகேட்கும் தூரத்தில் பூச்சாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அக்கா 'மதிய இடைவேளை' பலகையை நிமிர்த்தி வைத்துவிட்டு மேல்கோட்டை எடுத்தாள்.

பாலத்தின் மேல் பனி இன்னும் அடர்த்தி. கீழே ஆறு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, ஆற்றைக் காணோம். சிட்டு ஜன்னல் திரை வெளுத்ததைப் பற்றி, மாடிவீட்டுக்காரியின் பூனையைப் பற்றி, அடுப்பு சரியாக எரியாததைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். அக்கா கேட்டாளோ இல்லையோ. கணவரைக் கடல் வைத்துக்கொண்டது. தம்பியும் போய்விட்டால் இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள்? ஒரே வார்த்தை. ருசி தெரியாத வாயால் சொல்லிவிட வேண்டியதுதானா? பாலம் முடியாமலே போனால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

தம்பியின் கடை ஒரு ரயில் பெட்டி அளவுதான். சுவரோரம் மேஜைகள், கடைசியில் சமையலறைக் கதவு, கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. நல்ல சாப்பாட்டு வேளையில் ஒரு நாற்காலிகூட நகர்ந்திருக்கவில்லை. தண்ணீர்க் குவளைகள் எல்லாம் கவிழ்ந்தபடியே இருந்தன.

அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். யார் முகத்தையாவது பார்த்து ஒப்பேற்றிவிடலாம் என்று நம்பி வந்திருந்தாள். பார்க்க ஒரு முகம் இல்லை.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். இளைத்திருந்தான்.

"வந்துட்டியா? உக்காரு. என்ன வேணும்னு கேக்க மாட்டேன், நானே கொண்டாறேன்."

"சிட்டுவும் என்கூட உக்காரட்டும்டா. தனியாச் சாப்பிட்டா எனக்கு எறங்காது."

பச்சைப் பொய். தனியாகச் சாப்பிடுவதைத் தவிர வேறு எதையும் அவள் பல மாதங்களாகச் செய்யவில்லை. தம்பி தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனான்.

காளான் சூப் வந்தது. ரொட்டி வந்தது. அப்புறம் அடுப்பில் வாட்டிய மீன், மேலே கொஞ்சம் கீரை, அழகாக. ஆவி சுருண்டு சுருண்டு எழுந்து அக்காவின் கன்னத்தில் பட்டது. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். வெதுவெதுப்பு. வழவழப்பு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எதிரே சிட்டு மீனை விண்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"...அந்தப் பூனை நேரா நம்ம ஜன்னலுக்கே வருதுக்கா, மீன் வாடைக்கு. நான் என்ன பண்ணேன்னா, ஒரு தட்டுல கொஞ்சம் தண்ணி வெச்சு..."

பேச்சு நிற்கவில்லை.

தற்செயலாக இருக்கும் என்று அக்கா காத்திருந்தாள். சிட்டு சூப்பைக் குடித்தாள். பூனை மாடிக்குப் போனது. ரொட்டியைத் தோய்த்தாள். பூனை குட்டி போட்டது. ஒரு மூச்சு நேரம், அரை மூச்சு நேரம், எங்கேயும் ஒரு தடங்கல் இல்லை. அவள் கண் முழுக்கச் சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடியிலேயே இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் தம்பியின் முகம் வரும்போதெல்லாம் சிட்டு சிரித்துத் தலையாட்டினாள். முகம் நகர்ந்ததும் சிரிப்பு அணைந்தது.

அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

தம்பி வந்து நின்றான். கையில் துண்டு. அதை முறுக்கினான், பிரித்தான்.

"சொல்லுக்கா."

நல்லாருக்கு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் தம்பி இங்கேயே இருப்பான். நாளைக்கும் இந்தக் காலி நாற்காலிகளைத் துடைப்பான், அக்கா சொன்னது பொய்யாகாது என்று நம்பிக்கொண்டே. வருஷக்கணக்கில் துடைப்பான். அக்காவால் அந்த ஒரு வார்த்தையை உதட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை.

"எனக்குத் தெரியலடா."

"தெரியலன்னா? நல்லால்லைங்கறத மரியாதையாச் சொல்றியாக்கும்?"

"நெசமாவே தெரியல. எனக்கு ருசி போயிடுச்சு. மணமும் போயிடுச்சு. போன மழைக்காலத்துக் காய்ச்சல்லேருந்து."

சிட்டுவின் கரண்டி தட்டில் விழுந்தது.

தம்பி கோபமாகச் சிரித்தான். "கதை விடாதே. தினம் ஊருக்கே எடம் சொல்ற?"

"சாப்பிடறவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்றேன். ஜன்னலுக்கு வெளிய நின்னு." அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. "உன் கடைக்கு வராம இருந்ததும் அதனாலதான். நீ கேப்ப. உங்கிட்ட என்னத்தடா சொல்ல?"

"எங்கிட்ட ஏன்க்கா மறைச்சே?"

"வாய்விட்டுச் சொன்னா அது நெசமாயிடும்னு பயந்தேன்."

தம்பி பக்கத்து மேஜையிலிருந்து ஒரு குவளையை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றி அவள் முன் வைத்தான். சிட்டு எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பனி மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"வரலாம், வராமலும் போகலாம்னார்."

தம்பி தலையாட்டினான். அப்புறம் துண்டை முறுக்கிக்கொண்டிருந்த அவன் கை அப்படியே நின்றது. எதையோ கூட்டிப் பார்க்கிற முகம்.

"மூஞ்சியப் பாத்துச் சொல்றேன்னியே. இப்ப இங்க யார் மூஞ்சியப் பாத்தே?"

அக்கா தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டாள். அவன் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

"சிட்டு."

"என்னங்க."

"கடை தொறந்த நாள்லேருந்து தினம் நல்லாருக்குன்னியே. நல்லாருக்கா?"

ஓயாத வாய் ஓய்ந்திருந்தது. சிட்டு முந்தியில் மூக்கைத் துடைத்தாள்.

"நான் உங்களப் பாத்துக்கிட்டேதாங்க சாப்பிட்டேன். சாப்பாட்டப் பாக்கல."

தம்பிக்கு அறை வாங்கியது போல் இருந்தது. ஆரம்பித்துவிட்ட பிறகு சிட்டுவால் நிறுத்த முடியவில்லை.

"முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒருத்தர் உப்பு ஜாஸ்தின்னார், உப்பக் குறைச்சீங்க. ஒரு அம்மா மிளகு நெடி ஏறுதுன்னாங்க, மிளக எடுத்துட்டீங்க. பூண்டு வாடை வேணாம்னார் இன்னொருத்தர். எலுமிச்ச புளிக்குதுன்னு ஒரு சின்னப் பொண்ணு சொல்லுச்சு, அதுக்கும் தலையாட்டினீங்க. யார் என்ன சொன்னாலும் அதத் தூக்கிட்டீங்க. இப்ப இதுல குறை சொல்லவும் ஒண்ணுமில்ல, தேடி வரவும் ஒண்ணுமில்ல."

"கேட்டாங்க, செஞ்சேன். அது ஒரு தப்பா?"

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு, கடை திறந்ததிலிருந்து முதல் தடவையாக, சாப்பிட வந்தவன் மாதிரி உட்கார்ந்தான். அக்காவின் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். மீனைச் சாப்பிட்டான். இன்னொரு வாய் சாப்பிட்டான். மூன்று பேர் இருந்த அறையில் அவன் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா, உன் மேஜைக்கு ஒரு புது ஆள் வந்து கேட்டா, இங்க அனுப்புவியா?"

"மாட்டேன்டா."

"நானும் அனுப்ப மாட்டேன்," என்றான். கண்ணில் தண்ணீர் இருந்தது. உதட்டில் ஏதோ சிரிப்பு மாதிரியும் இருந்தது.

சிட்டு அவன் தோளைத் தொட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி உங்க ரூம்ல ஒரு தடவ சமைச்சுப் போட்டீங்களே. வெங்காயத்தப் பொன்னா வதக்கி, மீனப் போட்டு... நான் சொல்ல வந்ததையே மறந்துட்டேன் அன்னிக்கு."

"நீ மறந்தியா?" என்றாள் அக்கா, அழுகைக்கு நடுவிலும்.

"அதுல என்ன போட்டேன்?" என்று கேட்டான் தம்பி.

"எனக்கு எப்படிங்க தெரியும்? சமைச்சது நீங்க."

"எனக்குச் சுத்தமா ஞாபகமில்ல, சிட்டு."

"எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா வாய்ல வெச்சா, அதுதானா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

அவன் அவளைப் பார்த்த பார்வையில் அவளே கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எழுந்தான். தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினான்.

"வா உள்ள."

"நானா?"

"வேற யாரு? அக்காவுக்கு நாக்கில்ல, எனக்கும் இல்லாமப் போச்சு. வீட்டுல மிச்சமிருக்கறது உன்னோடதுதான்."

கதவு ஆடி நின்றது. அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். விடுதிக்குத் திரும்ப வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. 'மதிய இடைவேளை' பலகைக்கு முன்னால் யார் யார் பசியோடு நிற்கிறார்களோ. மேலாளருக்கு இனி உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்பது வேறு பெரிய கேள்வியாக முன்னால் வந்து நின்றது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் காலை நீட்டி உட்கார்ந்தாள். கனமாக எதையோ இறக்கி வைத்த மாதிரி உடம்பு லேசாக இருந்தது. வெளியே பனியில் விளக்குக் கம்பங்கள் பகலிலேயே எரிந்துகொண்டிருந்தன.

உள்ளே கத்தி பலகையில் தாளம் போட்டது. எண்ணெய் சீறியது.

"இது இல்லீங்க. இன்னும் ஏதோ இருந்துச்சு."

"மிளகா?"

"மிளகு இருந்துச்சு. நிறைய இருந்துச்சு. அய்யோ, அவ்வளவா போடுவீங்க? யாராச்சும் சண்டைக்கு வரப் போறாங்க!"

"வரட்டும்."

கதவிடுக்கில் வெங்காயப் புகை கசிந்து கூடத்துக்குள் வந்தது. அக்கா மூச்சை இழுத்துப் பார்த்தாள். மணம் வரவில்லை. ஆனால் கண் எரிந்தது. நன்றாக எரிந்தது. அவள் கண்ணைத் துடைக்காமல் எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

கல்லாவின் மேல் இருந்த தம்பியின் போன் அடித்தது. உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. அடித்து நின்று, மறுபடி அடித்தது. அக்கா எழுந்து போய் எடுத்தாள்.

அந்தத் தொழிற்சாலைக்காரர்தான். நல்ல மனுஷர், குரலிலேயே தெரிந்தது. "சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கறேன்னு சொல்லியிருந்தேம்மா. இங்க கொஞ்சம் அவசரமாயிடுச்சு. அவர் வர்றாரா இல்லையான்னு ஒரு வார்த்தை இப்பவே தெரிஞ்சா தேவலை. கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

அக்கா வட்டக் கண்ணாடியைப் பார்த்தாள். புகைக்குள் இரண்டு தலைகள் ஒரே வாணலியின் மேல் குனிந்திருந்தன.

"இப்பக் கூப்பிட முடியாதுங்க. சமைச்சிட்டு இருக்கார்."

"எப்ப முடிப்பார்?"

கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லிப் பழகிய வாய் அது. இந்தத் தடவை கொஞ்சம் யோசித்தது.

"தெரியலைங்க," என்றாள் அக்கா. "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கார்."